ஊக்கு மாட்டிய செபமாலை

1

தூத்துக்குடிக்காரனுக்கு அந்தி நேரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பழக்கம் கிடையாது. நமக்குச் சூரியன் கடலிலிருந்து கிளம்பும்; உப்பளத்தையும் பனங்காட்டையும் தாண்டிப் போய் விழும். நான் இப்போது இருக்கும் வட இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் எல்லாம் தலைகீழ். இங்கே கடல் மேற்கே கிடக்கிறது. வந்த முதல் வாரம், சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்து நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். ஆகக் கூடாதது ஏதோ ஆகிறது என்று பட்டது. பக்கத்தில் நின்ற என் மனைவி பிலோமி சிரித்தாள்.

"ஏங்க, இங்கன அது தினமும் அப்படித்தான் போவுதாம். நீங்க போயித் தூக்கிவிட வேண்டாம்."

அது நடந்து ஆறு வருடம். பிலோமி இறந்து, போன செவ்வாயோடு ஒரு வருடம் முடிந்தது.

அதற்குப் பத்து நாள் முன்பு மாமியாரிடமிருந்து நீலக் காகிதக் கடிதம் வந்தது. வழக்கமான விசாரிப்பு, வருஷப் பூசைக்குச் சொல்லி வைத்திருக்கும் செய்தி, மழை பெய்யாத செய்தி. கடைசியில், மடிக்கும் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தார்: "மருமகனே, தம்பி சூசைக்கு உடம்புக்கு முடியல. அவன் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். பிலோமிக்கு அவன் குடுத்த செபமாலைய ஒருக்காக் கையில வாங்கணும்னு சொல்லுதான். கொஞ்சம் அனுப்பி வைங்க."

கேட்டதில் நியாயம் இருந்தது. உடனே தபாலில் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. அந்தச் செபமாலையின் ஒரு மணிக்குப் பக்கத்தில், சங்கிலி வளையத்தில், ஓர் ஊக்கு மாட்டியிருந்தது. அதைக் கழற்றாமல் அனுப்ப முடியாது. கழற்றவும் எனக்குக் கை வரவில்லை.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் புதுத் துறைமுக வேலையில் ஸ்டோர் கிளார்க். லாரி லாரியாகக் கல்லைக் கொட்டி, கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் நீண்டுகொண்டிருந்த காலம். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் வயல் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்து நர்ஸ் பிலோமியைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று அப்பா வந்தார். வாழ்த்த வரவில்லை. நான் பரீட்சையில் தேறியபோது வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கேட்க வந்தார். கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு இன்றுவரை நான் கடிகாரம் கட்டியதில்லை. வீம்புதான், வேறு பெயர் சொல்ல முடியாது.

கையில் கடிகாரம் இல்லாதவனுக்கு வந்து வாய்த்த பைத்தியமோ நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டிய பைத்தியம். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து கைமாறி வந்த பழைய மடிப்புக் காமிரா ஒன்று என்னிடம் இருந்தது. முதுகில் ஒரு சிறிய சிவப்புக் கண்ணாடி. எத்தனையாவது படத்தில் நிற்கிறோம் என்ற எண் அதற்குள் தெரியும். ஒரு படம் எடுத்ததும் பிலிமை நாமே கையால் சுற்ற வேண்டும். சுற்ற மறந்தால் காமிரா ஒன்றும் சொல்லாது. அந்தப் படத்தின் மேலேயே அடுத்ததையும் எடுத்துக்கொள்ளும். நான் மறப்பவன். மாமியாரையும் உப்புக் குவியலையும் ஒரே படத்தில் விழவைத்து, அவர் உப்புக்குள்ளிருந்து எழுந்து வருவது போல் ஆக்கிய பெருமை எனக்கு உண்டு. மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஸ்டோரில் வெல்டிங் கண்ணாடி வரும். பற்றவைப்பவர்கள் கண் கூசாமலிருக்க முகத்துக்கு முன் பிடிப்பார்களே, அந்தக் கறுப்புக் கண்ணாடி. மூலை உடைந்த ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, காமிராவின் முன்னால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். அதைக் கட்டினால் பட்டப்பகலும் இருட்டுத்தான். அந்தி வெளிச்சத்தில் படம் விழ வேண்டுமானால் காமிராவை நிமிடக் கணக்கில் திறந்து வைத்திருக்க வேண்டும். அத்தனை நேரத்தில் அலை வரும், போகும், வள்ளம் போகும், காக்கை பறக்கும். எதுவும் படத்தில் தங்காது. கல்லும் கம்பமும் மட்டும் தங்கும். கடல், ஆறிய பால் மாதிரி அசையாமல் கிடக்கும்.

அலைத்தடுப்புச் சுவரின் நுனியில் நின்று திரும்பிப் பார்த்தால் நடுவில் தண்ணீர், அப்பால் ஊர், ஊருக்குப் பின்னால் சூரியன். தூத்துக்குடியில் கடலையும் அந்தியையும் ஒன்றாகப் பிடிக்க எனக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். முதல் நான்கு படமும் வீண். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். நூறைத் தாண்டுவதற்குள் அவசரம் வந்துவிடும். ஐந்தாம் நாள் பிலோமியும் கூட வந்தாள். சின்னக் குழந்தையாக இருந்த எங்கள் மகள் ஜெசிந்தாவை முழங்கால்களுக்கு நடுவில் உட்காரவைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள்.

"நீங்க திறங்க. நான் சொல்லுதேன்" என்று செபமாலையை எடுத்தாள்.

அருள் நிறைந்த மரியே என்று தொடங்கும் செபத்தை ஒரு மணிக்கு ஒன்றாக முணுமுணுத்தாள். பத்துக்கு ஒன்றாக நடுவில் வரும் பெரிய மணியை மட்டும் செபம் சொல்லாமல் தொட்டுத் தாண்டுவாள். பத்து மணிகள் முடிந்தன.

"போதும், மூடுங்க."

மூடினேன்.

"சுத்துங்க."

சுற்றினேன். அந்தப் படம் நன்றாக வந்தது. பிலோமி அதை விளக்கடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "கடல எங்கன கொண்டுபோயி வச்சிட்டீங்க?" என்றாள்.

பிறகு ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அவள் சொன்னால் பத்து மணிகளுக்கு இரண்டரை நிமிடம். காலையில் சொன்னாலும் அதுதான், இரவுப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தில் சொன்னாலும் அதுதான். அன்றிலிருந்து என் குறிப்பு நோட்டில் நிமிடமே கிடையாது. "ஒரு பத்து", "ஒன்றரைப் பத்து", "மேகம், இரண்டு பத்து" என்றுதான் எழுதினேன்.

3

அந்த வேகம் அவளுக்குச் சும்மா வரவில்லை. பிலோமியின் அப்பா முத்துக் குளித்தவர். குளிப்பவன் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில். அதனால் கயிறு எப்போதும் மச்சான் கையில்தான் இருக்கும். தன் அக்காள் விதவையாகச் சம்மதிப்பானா என்ற கணக்கு. அப்படிக் கயிறு பிடித்தவர்தான் பிலோமியின் தாய்மாமன் சூசை. முத்துக்குளிப்பு நின்று போய்ப் பத்து வருடம் ஆன பிறகும் அவர் உள்ளங்கையில் கயிற்றின் தடம் இருந்தது. என் படத்தைப் பார்க்க வந்தவர் சொன்னார்:

"அத்தான் இறங்குனதும் நான் செபத்த ஆரம்பிச்சிருவேன் மாப்ள. அஞ்சு. அஞ்சாவது முடியதுக்குள்ள கயித்துல அசைவு வரணும். வரலன்னா இழுத்துருவேன். பயத்துல வேகமாச் சொல்லப்படாது. பராக்குப் பாத்துட்டு மெதுவாவும் சொல்லப்படாது. வேகமாச் சொன்னா சிப்பி கொறையும். மெதுவாச் சொன்னா அக்கா தாலி போவும்."

"நடுவுல இருமல் வந்திட்டுன்னா?" என்று கேட்டேன்.

"பக்கத்துல நிக்கவன் எடுப்பான். எங்க வள்ளத்துல அதுதான் வழக்கம். விட்ட மணியில இருந்துதான் எடுக்கணும். முதல்ல இருந்து தொடங்கப்படாது. அத்தான் கீழ கிடக்காருல்லா."

சிறுமி பிலோமி கரையில் நின்று மாமாவின் வேகத்திலேயே சொல்லிப் பழகியிருக்கிறாள். அவள் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது அவர் கொடுத்ததுதான் அந்தச் செபமாலை. வள்ளத்தில் அவர் கையில் இருந்ததே.

4

நர்ஸ் வேலைக்கு அவள்தான் முதலில் வந்தாள். பதினான்கு மாதம் கழித்து நானும் ஜெசிந்தாவும். கணவன் மனைவியை அழைப்பதற்குத்தான் அவர்கள் காகிதம் அச்சடித்து வைத்திருந்தார்கள். மனைவி கணவனை அழைப்பதற்கு இல்லை. "மனைவியின் பெயர்" என்ற இடத்தில் அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். சென்னையில் ஓர் அதிகாரி, "அங்கே என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். "மனைவியோடு இருக்கப் போகிறேன்" என்றேன். அது ஒரு வேலையா என்பது போல் பார்த்து, அதே கேள்வியை இன்னும் இரண்டு முறை கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். இப்போது ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். மனைவியோடு இருக்கும் வேலை போய்விட்டது.

ஜெசிந்தாவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ஜெஸ். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அபூர்வமாகத் தமிழ் வந்தால் அதில் நான் "நீ". திருத்தினால் உடனே ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறாள். அதனால் "நீ"யையே வாங்கி வைத்துக்கொள்கிறேன். அம்மா இருந்தவரை வீட்டில் இரண்டு பேர் தமிழ் பேசினோம். அவள் காதில் விழுந்துகொண்டாவது இருந்தது. ஒருவன் தனியாக எவ்வளவுதான் பேசுவான்?

5

சென்ற வருடம் இதே மாதம் பிலோமி தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, தான் வேலை பார்த்த வார்டிலேயே நோயாளியாகப் படுத்திருந்தாள். ரத்தத்தில் கோளாறு. இன்னும் சில வாரம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். வார்டு இரண்டாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் கடற்சுவர், அப்புறம் கடல். அன்று மாலை வானம் நன்றாக வெளுத்து, அடிவானத்தில் மட்டும் மேகம் கட்டியிருந்தது. ஜெசிந்தா பக்கத்து வீட்டில் இருந்தாள். காமிராப் பை என் தோளில்தான் கிடந்தது. பிலோமி அதைப் பார்த்துவிட்டாள்.

"போங்க. நான் இங்கன இருந்தே சொல்லுதேன்."

"அங்க நிக்க எனக்கு எப்படிக் கேக்கும்?"

"தொடங்கும்போது இந்த விளக்கப் போடுதேன். முடிஞ்சதும் அணைக்கேன். அணைச்ச உடனே மூடுங்க. எத்தன வேணும்?"

"நாலு பத்து. வேண்டாம், மூச்சு வாங்கும்."

"எங்கப்பா அடியில மூச்ச அடக்கிட்டுக் கிடந்தாரு. நான் படுத்துக்கிட்டுச் சொல்லத்தான போறேன்."

போனேன். போயிருக்கக் கூடாது என்று இந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை. கடற்சுவரின் மூன்றாவது கம்பத்தை ஒட்டி முக்காலியை வைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கட்டி, திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கு எரிந்தது. திறந்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. படம் கெட்டுவிடும் என்று பதறி மூடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இனிச் சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் பாதியில் மூடியது தெரிந்தால் திட்டுவாள் என்று நினைத்தேன். விளக்கு அணைந்த பிறகு போகலாம், நாற்பதும் முடியும்வரை நின்றதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். முக்காலியை மெதுவாக மடித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். தூறலில் ஒதுங்கி நின்று ஒரு சிகரெட்டையும் பற்றவைத்து முழுதாகக் குடித்து முடித்தேன். விளக்கு அணையவில்லை. அதன் பிறகுதான் படியேறினேன்.

மாடிப்படியின் தலைப்பில் மோரா நின்றாள். பிலோமியோடு வேலை பார்த்த அயர்லாந்துக்காரி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் பக்கத்திலேயே இருந்தேன். வலி இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே செபம் சொன்னாள். நான்காவது பத்தில் ஏழாவது மணியில் விரல் நின்றுவிட்டது." அவளும் கத்தோலிக்கக்காரி, அவளுக்குச் செபமாலை மணிகளின் கணக்கு தெரியும். எங்கே விட்டாள் என்பது தொலைந்து போகக் கூடாதென்று தன் சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டியிருந்தாள். விளக்கை அணைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

உடைமைகளைத் திருப்பிக் கொடுக்கும் படிவத்தில் ஓர் எழுத்தர் "கழுத்தணி, மணி வைத்தது, ஒன்று" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

முப்பத்தேழு. நாற்பதுக்கு மூன்று குறைவு. நான் மூடியது முதலில் நடந்ததா, அவள் நிறுத்தியது முதலில் நடந்ததா? ஒரு வருடமாக இதே கேள்வியோடு விழிக்கிறேன், இதே கேள்வியோடு படுக்கிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது: மூடியதும் ஓடியிருந்தால், ஒருவேளை, அவள் முகத்தை உயிரோடு நான் பார்த்திருக்கலாம். சீக்கிரம் இழுத்தால் சிப்பிதான் குறையும் என்றார் சூசை மாமா. நான் சீக்கிரம் இழுத்தேன். ஆளே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த வாரம் காமிராவை அலமாரியில் வைக்க எடுத்தபோது சிவப்புக் கண்ணாடிக்குள் ஏழு என்ற எண் அப்படியே நின்றது. பிலிமைச் சுற்றவில்லை. "சுத்துங்க" என்று சொல்ல யாரும் இல்லையே. அன்றும் சுற்றாமல்தான் வைத்தேன்.

6

மாமியார் கடிதம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செபமாலையைப் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்தேன். சுங்கப் படிவத்தில் பொருள் என்ன, எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருந்தது. எழுத ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெசிந்தா வந்து டப்பாவை எட்டிப் பார்த்தாள். ஊக்கைக் காட்டி, "பின் எதுக்கு?" என்று கேட்டாள். அந்த இரண்டு வார்த்தையில் ஒன்று தமிழ்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சிகரெட்டையும் சேர்த்து. தமிழில்தான் சொன்னேன், எனக்கு அதை வேறு எந்த மொழியிலும் சொல்லத் தெரியாது. எவ்வளவு புரிந்ததோ. சூசை மாமாவின் வள்ளத்து வழக்கத்தையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஊக்கை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியானால் மிச்சம் மூன்றை யார் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யாரும் சொல்லலம்மா."

"ஏன்?"

நான் சுங்கப் படிவத்தை மடித்து வைத்தேன். அவள் டப்பாவை எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

7

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் இருவரும் கல்லறைக்குப் போய் வந்தோம், அப்புறம் அவள் பள்ளிக்கூடம் போனாள். மாலையில் காமிராவை எடுத்தேன். ஒரு வருடம் கழித்து அதே நாளில் சூரியன் அதே இடத்தில் இறங்கும். ஏழாவது படம் இன்னும் சுற்றப்படாமல் இருந்தது. திறந்தால் அன்று விழுந்த வெளிச்சத்தின் மேலேயே இன்றைய வெளிச்சமும் விழும். மிச்சம் மூன்று மணிகளுக்கு முக்கால் நிமிடம். கறுப்புக் கண்ணாடிக்குள் முக்கால் நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் விழாது. படத்தில் அது தெரியுமா என்று கேட்டால், தெரியாது. வாழ்நாளில் சுற்ற மறந்து எத்தனையோ படங்களைக் கெடுத்தவன். இந்த ஒன்றை மட்டும் தெரிந்தே செய்யப் போனேன்.

ஜெசிந்தா பள்ளிச் சீருடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். மூன்றாவது கம்பத்தருகில் முக்காலியை விரித்தேன். பின்னால் ஆஸ்பத்திரி ஜன்னல்களில் விளக்குகள் எரியத் தொடங்கின. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையில் பிறந்தநாளுக்கு வாங்கிய எண் காட்டும் கடிகாரம் இருந்தது, வினாடியெல்லாம் தெரியும். அதைத்தான் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கோட்டின் கையை அதன் மேல் இழுத்து விட்டுக்கொண்டு, பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். ஊக்கை இடது கைவிரலில் பிடித்து, அடுத்த மணிக்கு நகர்ந்தாள்.

"திறங்க" என்றாள்.

திறந்தேன்.

ஆங்கிலத்தில் சொல்வாள் என்றுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் தமிழில் சொன்னாள். அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டதும், தூங்கப் போகும்போது கேட்டதும் எங்கேயோ இருந்திருக்கிறது. உச்சரிப்பு வெள்ளைக்காரி உச்சரிப்புத்தான். வேகம் பிலோமியுடையது. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. காற்றில் அவள் மூக்கு சிவந்து ஒழுகியது; துடைக்காமல் சொன்னாள். நாற்பது.

"போதும், மூடுங்க."

மூடினேன். அப்படியே நின்றேன். ஒரு வருடமாக வராத அழுகை வந்துவிட்டது. அவள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சுத்துங்க."

சுற்றினேன். சிவப்புக் கண்ணாடிக்குள் ஏழு நகர்ந்து போய், எட்டு வந்து நின்றது. ஜெசிந்தா ஊக்கைக் கழற்றித் தன் கோட்டில் குத்திக்கொண்டாள். செபமாலையை என்னிடம் கொடுத்தாள்.

நேற்றுத் தபாலில் போட்டேன். சுங்கப் படிவத்தில் "பழைய மணிமாலை, சொந்தக்காரருக்குத் திருப்பி அனுப்புவது" என்று எழுதினேன். டப்பாவுக்குள், பஞ்சுக்கு அடியில், சூசை மாமாவுக்கு ஒரு துண்டுக் காகிதம்:

"மாமா, நாற்பதும் முடிந்தது. மிச்சம் மூன்றையும் ஜெசிந்தா சொன்னாள். விட்ட மணியிலிருந்துதான் எடுத்தாள்."